நாட்டின் பணத்தில் மத வாசகம் இருக்கலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பழங்காசு சேகரிப்பவர்கள் கூடும் இடங்களிலும், காசுகளைப் பற்றிப் பேச அழைக்கும் பள்ளி, கல்லூரிகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுத்தில் வைத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மீனாட்சியம்மனை வணங்கி வளர்ந்தவன், இறைநம்பிக்கை உள்ளவன். ஆயினும் ஒரு குடியரசின் பணத்தில் எந்த மதத்தின் வாசகமும் இடம்பெறக் கூடாது என்பதே என் கருத்து. நம்பிக்கை குறைவதால் எழுந்த கருத்து அல்ல இது. நம்பிக்கையின் மீது கொண்ட மதிப்பினாலேயே இதைச் சொல்கிறேன்.

நம் நோட்டில் அப்படி எதுவும் இல்லாதபோது இந்தக் கேள்வி ஏன் எழுகிறது?

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அப்போது தில்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால், ரூபாய் நோட்டுகளில் காந்தியடிகளின் படத்துடன் லட்சுமி, விநாயகர் படங்களையும் அச்சிட வேண்டும் என்று பிரதமரிடம் கோரிக்கை வைத்தார். அதற்கு முன்பும் பின்பும் இத்தகைய கோரிக்கைகள் பல இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர்கள் டாலர் நோட்டைக் காட்டி, "அவர்கள் கடவுளின் பெயரை அச்சிடுகிறார்களே, நாம் ஏன் கூடாது?" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. இது நியாயமான கேள்வி; விரிவான விடை பெறத் தகுந்த கேள்வியும் கூட.

மத வாசகம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓர் அரசு தன் குடிமக்கள் அனைவர் சார்பிலும் ஒரு நம்பிக்கையை அறிக்கையிடும் சொற்றொடரை மத வாசகம் என்கிறேன். டாலரில் உள்ள "கடவுளை நம்புகிறோம்" என்பது அத்தகையது. கட்டடத்தின் படம், விலங்கின் உருவம், வரலாற்றுச் சின்னம் ஆகியவை வேறு வகை. வணங்கப்படும் தெய்வத்தின் திருவுருவம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதை நான் வாசகத்தின் பக்கமே சேர்ப்பேன், ஏனெனில் திருவுருவம் நம்மிடம் வணக்கத்தை எதிர்பார்க்கிறது.

அமெரிக்கப் பணத்தில் அந்த வாசகம் எப்படி வந்தது?

அமெரிக்கா தோன்றிய நாள் முதல் அது அங்கே இருந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. விடுதலைக்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்கக் காசுகளில் கடவுளின் பெயரே இல்லை. உள்நாட்டுப் போர் மூண்ட 1861ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பென்சில்வேனியாவைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற பாதிரியார் நிதி அமைச்சர் சால்மன் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் குடியரசு சிதைந்து போனால், பிற்காலத்தில் நம் காசுகளைத் தோண்டியெடுப்பவர்கள் நம்மைக் கடவுளை அறியாத மக்கள் என்றல்லவா முடிவு செய்வார்கள் என்பதே அந்தக் கடிதத்தின் கவலை. சேஸ் அதை ஏற்று, நாட்டு மக்கள் கடவுள் மீது கொண்ட நம்பிக்கை நாணயங்களில் வெளிப்பட வேண்டும் என்று நாணயச் சாலைக்கு எழுதினார். 1864இல் வெளியான இரண்டு சென்ட் காசில் அந்த வாசகம் முதன்முதலாகப் பொறிக்கப்பட்டது.

எல்லா நாணயங்களிலும் எல்லாத் தாள்களிலும் அது கட்டாயமானது இன்னும் பிற்காலத்தில்தான். சோவியத் ஒன்றியத்துடன் பனிப்போர் நடந்த 1955ஆம் ஆண்டு, ஃபுளோரிடா மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் பென்னட், பொருள்முதல்வாதப் பொதுவுடைமை உலகைத் தாக்கும் வேளையில் நம் அடித்தளத்தை வலுப்படுத்த வேண்டும் என்று வாதிட்டுக் கொண்டுவந்த சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்டார். மறு ஆண்டு அது நாட்டின் முதன்மை வாசகமாக அறிவிக்கப்பட்டது. 1957இல் ஒரு டாலர் தாளில் அச்சேறியது.

இந்த வரலாற்றில் என் மனத்தில் தைப்பது ஒன்று. இரண்டு முறையும் அந்த வாசகத்தைக் கொண்டுவந்தது அச்சம். முதலில் நாடு உடைந்துவிடுமோ என்ற அச்சம், பிறகு எதிரி வென்றுவிடுவானோ என்ற அச்சம். அச்ச வேளையில் மக்கள் கடவுளை நாடுவது இயற்கை. ஆனால் அந்த வேளையில் சட்டமாக்கியதை அச்சம் தணிந்த பிறகு எந்த அரசியல்வாதியும் எடுக்கத் துணிவதில்லை. எடுப்பவர் கடவுளை எதிர்ப்பவராகத் தோற்றமளிப்பார் என்பதால் அது நிலைத்துவிடுகிறது. நாம் ஒருமுறை அச்சிட்டுவிட்டால் நமக்கும் அதே நிலைதான்.

அங்கே வழக்குகள் தொடரப்படவில்லையா?

பலமுறை தொடரப்பட்டன. 1970இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வாசகத்துக்கு அரசு ஒரு மதத்தை நிறுவுவதோடு தொடர்பில்லை, அது நாட்டுப்பற்றும் சடங்குத் தன்மையும் கொண்டது என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. பின்னர் வந்த நீதிமன்றங்களும் பெரும்பாலும் அதே வழியில் சென்றன.

இத்தீர்ப்புகளில் வாசகம் வென்றது என்பது உண்மை. ஆனால் எந்த விலை கொடுத்து வென்றது? நீண்ட காலம் புழங்கிப் புழங்கி அந்தச் சொற்கள் தம் சமயப் பொருளை இழந்துவிட்டன, ஆகவே அவற்றால் யாருக்கும் தீங்கில்லை என்பதே அங்கே பலமுறை எடுத்து வைக்கப்பட்ட வாதம். ஒரு பக்தர் இதைக் கேட்டு எப்படி மகிழ முடியும்? தம் கடவுளின் பெயர் பொருளற்றுப் போனதால்தான் அது பணத்தில் இருக்கலாம் என்று அரசு வாதாடுவதைக் காட்டிலும், அந்தப் பெயர் பணத்தில் இல்லாமல் இருப்பதே மேல் என்று அவருக்குத் தோன்ற வேண்டாமா?

பக்தி உள்ளவர்களே இதை எதிர்த்ததுண்டா?

உண்டு. இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனெனில் அதில் இரண்டு எதிர்பாராத மனிதர்கள் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள்.

முதலாமவர் ஒளரங்கசீப். அவருக்கு முன்பிருந்த முகலாயப் பேரரசர்கள் பெரும்பாலும் தங்கள் நாணயங்களில் இசுலாமிய மூல நம்பிக்கை வாசகமான கலிமாவைப் பொறித்தார்கள். மதப் பற்றில் யாருக்கும் குறையாதவர் என்று பெயர் பெற்ற ஒளரங்கசீப், அரியணை ஏறியதும் அதை நிறுத்தினார். காசு காலடியில் விழும், மிதிபடும், தூய்மையற்ற இடங்களுக்கும் போகும். இறைவனின் பெயருக்கு அந்த இழிவு நேரக் கூடாது என்பது அவர் காட்டிய காரணம். அவர் காசுகளில் அரசரின் பெயரைச் சொல்லும் பாரசீக ஈரடியும், ஆண்டும், நாணயச் சாலையின் பெயரும் மட்டுமே இருந்தன.

இரண்டாமவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியடோர் ரூசவெல்ட். 1907இல் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் கௌடன்ஸ் வடித்த புதிய தங்க நாணயங்கள் அந்த வாசகம் இல்லாமல் வெளியாகி, கண்டனம் கிளம்பியது. அப்போது அவர் எழுதிய கடிதத்தில், இத்தகைய வாசகத்தைக் காசில் பொறிப்பதால் நன்மை இல்லை, உறுதியாகத் தீமையே உண்டு, அது தெய்வ நிந்தனைக்கு மிக அருகில் வரும் அவமரியாதை என்று தெளிவாகச் சொன்னார். வெள்ளி நாணயத்தின் மதிப்பைப் பற்றிய அரசியல் சண்டையில் அந்த வாசகம் கேலிப் பொருளானதையும் எடுத்துக்காட்டினார். அமெரிக்கப் பேரவை அவர் சொல்லைக் கேட்கவில்லை; 1908இல் சட்டம் போட்டு வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

இவ்விருவரும் வாழ்ந்த நாடும் காலமும் சமயமும் வேறு. ஒளரங்கசீப்பின் ஆட்சிமுறையை நான் இங்கே போற்ற வரவில்லை. ஆனால் புனிதமானதை எல்லார் கையிலும் புரளும் பொருளில் பொறித்தால் என்ன நேரும் என்பதை இருவருமே ஒரே மாதிரி கண்டார்கள். லஞ்சமாகக் கைமாறும் நோட்டு, சாராயக் கடைக்குப் போகும் நோட்டு, தேர்தலுக்கு முந்தைய இரவில் வீடு வீடாகக் கொடுக்கப்படும் நோட்டு எல்லாம் இதே நோட்டுதான். அவற்றில் அம்மனின் முகம் இருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்ப மாட்டேன்.

நம் மன்னர்கள் காசில் தெய்வங்களைப் பொறித்தார்களே, அது நம் மரபுதானே?

பொறித்தார்கள். அதை மறைப்பதற்கில்லை. விசயநகர மன்னர்களின் தங்க வராகன்களில் உமையும் மகேசுவரனும் அமர்ந்திருப்பார்கள்; பிற்கால அரவீடு மரபினரின் காசுகளில் "ஸ்ரீ வேங்கடேசுவராய நம" என்ற வணக்க வாசகமே உண்டு. ஆனால் மரபு என்பது ஒரே நிறமாக இல்லை என்பதை மதுரைப் பக்கத்துக் காசுகளே காட்டும்.

சங்ககாலப் பாண்டியரின் "பெருவழுதி" காசில் ஒருபுறம் தமிழி எனப்படும் பண்டைத் தமிழ் எழுத்தில் அரசன் பெயரும் குதிரையும், மறுபுறம் மீன் சின்னமும் உள்ளன. குதிரையை வேள்வியோடு சேர்த்து விளக்குபவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காசில் எழுதப்பட்டிருப்பது அரசனின் பெயர் மட்டுமே. தெய்வத்தின் பெயர் அல்ல. 13ஆம் நூற்றாண்டுப் பிற்காலப் பாண்டியர் செப்புக்காசுகளைப் பாருங்கள். "சோணாடு கொண்டான்", "எல்லாந்தலையானான்", "கச்சி வழங்கும் பெருமாள்" என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் அரசனின் வெற்றிப் பெயர்கள். கோயில்களுக்கு நிலமும் பொன்னும் வாரி வழங்கிய அதே மன்னர்கள், தங்கள் காசில் எழுதும்போது தங்கள் பெயரையே எழுதினார்கள்.

அதன் பின் 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள். முதல் சுல்தானான சலாலுத்தீன் அசன் ஷாவின் காசில், அருளாளன் துணையால் வலுப்பெற்றவர் என்ற பொருளிலும், ஏழை எளியோரின் தந்தை என்ற பொருளிலும் அரபு வாசகங்கள் உண்டு. அந்த இரண்டாவது வாசகத்தைக் கையில் வைத்துப் படிக்கும்போதெல்லாம், ஓர் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தகுந்தது இதுதான் என்று தோன்றும். அந்த ஆட்சி அதற்கேற்ப நடந்ததா என்பது வேறு கேள்வி.

இன்னும் வியப்பானவை அடுத்தவர் தெய்வத்தைப் பொறித்த காசுகள். ஐதர் அலியின் தங்க வராகனில் ஒருபுறம் சிவனும் பார்வதியும், மறுபுறம் அவர் பெயரின் முதல் அரபு எழுத்தும் இருந்தன. சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டில் திருமாலும் இரு தேவியரும் உள்ள "மூன்று சுவாமி வராகன்" அடித்து வெளியிட்டது. கம்பெனிக்காரர்களுக்குத் திருமாலிடம் பக்தி இருந்ததா? இல்லை. சந்தையில் மக்கள் பழகிய உருவம் அது. புது உருவத்தைப் போட்டால் வாங்கத் தயங்குவார்கள் என்ற வணிகக் கணக்கு. நம் தெய்வத்தை நம்மை ஆள வந்தவர்கள் தங்கள் இலாபத்துக்காகக் காசில் வார்த்தார்கள் என்பதும் நம் மரபின் ஒரு பகுதி. காசில் தெய்வம் இருந்தால் அதை வெளியிட்டவர் பக்தர் என்று நம்பிவிட வேண்டாம்.

மேலும், மன்னராட்சியில் காசு மன்னனுடையது. தான் வணங்கும் தெய்வத்தைத் தன் காசில் பொறிப்பதற்கு அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்று பணம் நம் அனைவர் பெயராலும் வெளியிடப்படுகிறது. அந்த வேறுபாட்டை மறந்து மரபைப் பற்றிப் பேசினால் பேச்சு வழி தவறிவிடும்.

இயேசுவிடம் காசு காட்டிய நிகழ்ச்சி இதற்குப் பொருந்துமா?

நன்றாகப் பொருந்தும். இராயனுக்கு, அதாவது உரோமப் பேரரசனுக்கு, வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம், இயேசு ஒரு காசைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று வினவினார். இராயனுடையவை என்றார்கள். இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள் என்றார். அந்தக் காசு திபேரியசின் வெள்ளித் தெனாரியம் என்பது அறிஞர் பலரின் கருத்து. அதன் எழுத்து, திபேரியசைத் தெய்வமாகிய அகஸ்டசின் மகன் என்று அறிவிக்கிறது. அதாவது அதுவும் ஒரு மத வாசகம் தாங்கிய காசு. பேரரசனைத் தெய்வமாக ஏற்காத யூதர்கள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகளே மிகுதி என்பதால், இந்தக் காசு நமக்கு அந்நியமானதும் அன்று.

இப்போதைய நோட்டுகளில் கோயில்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. 2016 முதல் வந்த வரிசையில் பத்து ரூபாயில் கொனாரக் சூரியன் கோயில், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பியின் கல்தேர், இருநூறில் சாஞ்சித் தூபி, ஐந்நூறில் செங்கோட்டை. 1954இல் வெளியான பழைய ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978இல் அது செல்லாததாக்கப்பட்டது. இவை நாட்டின் கலைச் செல்வங்களாகக் காட்டப்படுகின்றன. கோயிலும் தூபியும் கோட்டையும் அடுத்தடுத்த நோட்டுகளில் வரும்போது எந்த நம்பிக்கையையும் நம் வாயில் திணிப்பதாக நான் கருதவில்லை. ஒரே சமயத்தின் கட்டடங்கள் மட்டும் வரிசையாக வரத் தொடங்கினால் என் கருத்து மாறும்.

"சத்தியமேவ ஜயதே" முண்டக உபநிடத வாசகம்தானே? அப்படியானால் நம் பணத்தில் ஏற்கெனவே மத வாசகம் உள்ளதே?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. எளிதாகக் கடந்து போக எனக்கு மனமில்லை. வாசகத்தின் ஊற்று உபநிடதம் என்பதும், அதன் மேலே நிற்கும் சிங்கங்கள் சாரநாத்தில் அசோகர் நிறுத்திய பௌத்தத் தூணின் தலைப்பகுதி என்பதும் உண்மை. குடியரசு பிறந்த 1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று இவை நாட்டின் சின்னமாக ஏற்கப்பட்டன.

ஆனால் ஒரு வாசகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைவிட, அது நம்மை எதை ஏற்கச் சொல்கிறது என்பதே முதன்மையானது. வாய்மை வெல்லும் என்பதை ஏற்க ஒருவர் எந்தத் தெய்வத்தையும் வணங்க வேண்டியதில்லை. இசுலாமியர், கிறித்தவர், சமணர், கடவுள் மறுப்பாளர் என யாரும் தம் மனச்சான்றுக்கு மாறின்றி அதைச் சொல்லலாம். "கடவுளை நம்புகிறோம்" என்பதை அப்படிச் சொல்ல முடியாது. இதே அளவுகோலால் பார்த்தால் பாகிஸ்தான் நோட்டுகளில் உள்ள, நேர்மையாகப் பொருளீட்டுவது வழிபாடு என்ற பொருள்படும் உருது வாசகம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதன் அறிவுரை எல்லாருக்கும் பொருந்தும், அதன் மொழிநடை ஒரு சமயத்துக்குரியது. எல்லைக்கோட்டில் சில வாசகங்கள் நிற்கும் என்பதற்காக எல்லையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் கோபுரம் இருக்கிறதே?

இந்தக் கோபுரம் மதுரைக் கோபுரமா, திருவில்லிபுத்தூர்க் கோபுரமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதை வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் கிருஷ்ணாராவ் என்பதில் எங்கள் ஊருக்குப் பெருமை உண்டு. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்தவர்கள் ஆட்சி செய்தபோதும் அந்தக் கோபுரத்தை எடுக்கவில்லை. அதன் கீழ் "வாய்மையே வெல்லும்" என்ற சொற்கள்தாம் உள்ளன. கோபுரம் இங்கே தமிழ் நிலத்தின் அடையாளமாக நிற்கிறது. அதன் கீழே "ஓம் நமசிவாய" என்று எழுதியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன். அந்த ஐந்தெழுத்தை நாள்தோறும் ஓதுபவன் என்ற நிலையிலேயே எதிர்த்திருப்பேன்.

நினைவு நாணயங்களில் சமயத் தொடர்புள்ளவை வருகின்றனவே?

வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு, புனித அல்போன்சாவின் பிறந்த நூற்றாண்டு, குருநானக்கின் 550ஆம் ஆண்டு, வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழா என்று பல. தஞ்சைக் கோயில், வைஷ்ணோ தேவி நாணயங்களை எதிர்த்து வந்த வழக்கை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதச்சார்பின்மை இத்தகைய நினைவு வெளியீடுகளைத் தடுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எல்லாச் சமயத்துக்கும் இடமளிக்கும் வரை இதில் எனக்கு மறுப்பில்லை.

பணத்தின் வடிவத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

நோட்டுகளின் வடிவத்தை, ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைக்க, ஒன்றிய அரசு ஒப்புதல் அளிக்கிறது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நாணயங்கள் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஒன்றிய அரசின் பொறுப்பு. மாநில அரசுகளுக்கு இதில் பங்கில்லை.

இசுலாமியர் மிகுந்த இந்தோனேசியாவே விநாயகரை அச்சிட்டதே?

1998இல் வெளியான இருபதாயிரம் ரூபியா நோட்டில், கல்வித் தலைவர் கி அஜார் தேவாந்தாராவின் படத்துக்கு அருகில் விநாயகர் உருவம் இருந்தது. அங்கே அது கல்வியின் சின்னமாக வைக்கப்பட்டது. அந்த நோட்டு பின்னர் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. பெரும்பான்மையினர் தங்களுடையதல்லாத ஒரு மரபின் உருவத்துக்கு மதிப்பளித்த நிகழ்ச்சி என்று அதைப் பாராட்டலாம். பெரும்பான்மையினர் தங்கள் தெய்வத்தையே எல்லார் கையிலும் கொடுப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது முறையன்று. இரண்டும் நேர் எதிரானவை.

வேறு நாடுகளில் எப்படி?

பிரிட்டிஷ் நாணயங்களில் கடவுளின் அருளால் மன்னர், நம்பிக்கையின் காவலர் என்ற பொருள்படும் இலத்தீன் சுருக்கங்கள் இன்றும் உள்ளன. 1849இல் வந்த ஃபுளோரின் காசில் அவை விடுபட்டபோது மக்கள் அதைக் கடவுளற்ற காசு என்று இகழ்ந்தார்கள். நெதர்லாந்தின் இரண்டு யூரோ காசின் விளிம்பில் கடவுள் நம்மோடு இருப்பாராக என்று உள்ளது. பிரேசில் நோட்டுகளில் 1980களிலிருந்து கடவுளுக்குப் புகழ் என்ற வாசகம் உண்டு. 2012இல் அரசு வழக்கறிஞர் ஒருவர் அதை நீக்கக் கோரியும் நீதிமன்றம் இணங்கவில்லை. பல நாடுகள் செய்கின்றன என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது. அவற்றில் பல, ஒரு காலத்தில் அரசுச் சமயம் வைத்திருந்த நாடுகள்.

பெரும்பான்மை மக்கள் விரும்பினால் அச்சிடுவதில் என்ன தவறு?

அரசு செய்யும் பல செயல்களைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். ஒருவருடைய நம்பிக்கையை மட்டும் அதனால் தீர்மானிக்க முடியாது. நம் அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்று உரிமையைத் தனி மனிதருக்கே தந்திருக்கிறது. எந்தச் சமயத்தின் வளர்ச்சிக்காகவும் வரி செலுத்துமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு நடைமுறையாகவும் பார்ப்போம். கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம். அரசு விழாவுக்குப் போகாமல் இருக்கலாம். பணத்தைத் தொடாமல் இந்த நாட்டில் ஒருவர் ஒருநாள் வாழ முடியாது. சட்டப்படி செல்லும் பணம் என்பதன் பொருளே, கடனுக்கு ஈடாக அதைக் கொடுத்தால் மறுக்க முடியாது என்பதுதான். காசிமார் தெருவில் கடை வைத்திருப்பவரும், கீழவெளி வீதித் தேவாலயத்துக்குப் போகிறவரும், கருஞ்சட்டை அணிந்து கூட்டத்துக்குப் போகிறவரும், அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வந்து நிற்பவரும் ஒரே நோட்டையே கைமாற்றுகிறார்கள். தப்பிக்க வழியில்லாத ஒரு பொருளில் ஒருவருடைய இறைவனை மட்டும் அச்சிடுவது, மற்றவர்களிடம் இந்த நாடு முதலில் எங்களுடையது, பிறகே உங்களுடையது என்று ஒவ்வொரு நாளும் சொல்வதாகும்.

நம்பாதவர்கள் அதைப் பார்க்காமல் விட்டால் போகிறது. இவ்வளவு சிறியதைப் பெரிதாக்குவானேன்?

1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறத்தாழ இப்படியொரு குறிப்பை எழுதியது. வண்டியின் எண் பலகையில் உள்ள வாசகத்தை ஒருவர் ஊரெங்கும் காட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பணமோ பையில் இருப்பது, அதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றது. அந்த வேறுபாட்டை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: அது சிறியதென்றால் அதை அச்சிட ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? அச்சிட விரும்புகிறவருக்குப் பெரிதாகத் தோன்றுவது, வேண்டாம் என்பவருக்கும் பெரிதாகத் தோன்றக் கூடாதா?

சிறியவை மக்கள் மனத்தை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1911இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில், மன்னரின் அங்கியிலிருந்த சிறிய யானை உருவம் பன்றியைப் போலத் தெரிந்ததால் இசுலாமியர்களிடையே பெரும் வருத்தம் எழுந்தது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி வெளியிட்டார்கள். நம் காலத்தில், 2006ஆம் ஆண்டு வாக்கில் வந்த இரண்டு ரூபாய் நாணயத்தில் நான்கு கோடுகள் கூடும் வடிவம் சிலுவையாகத் தோன்றுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அது வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிப்பது என்று விளக்கப்பட்டும் கசப்பு தீரவில்லை. இல்லாத மதக் குறியைக் கண்டே இத்தனை வருத்தம் எழுமானால், உண்மையான மத வாசகத்தை அச்சிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லட்சுமியை அச்சிட்டால் பொருளாதாரம் வளரும் என்கிறார்களே?

விலைவாசி, உற்பத்தி, வேலைவாய்ப்பு, வட்டி விகிதம் ஆகியவற்றோடு தொடர்புடையது பணத்தின் மதிப்பு. உழைப்புக்குப் பலன் தருபவள் திருமகள் என்று நம்புகிறவர்கள், அவளை அச்சு எந்திரத்தின் வேலையாக்கக் கூடாது.

நாமே பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். 786 எண்ணுள்ள நோட்டைப் பத்திரப்படுத்துகிறோம். அதுவும் மதம்தானே?

ஆம், மதம்தான், அழகான மதம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுகிறார்கள். புதுக் கணக்குப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் முதல் வரவை எழுதுகிறார்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்காகத் தாய் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைக்கிறாள். நேர்த்திக்கடன் செலுத்தும் நாள்வரை அதை யாரும் தொடுவதில்லை. மொய் எழுதும்போது நூறோடு ஒன்றைச் சேர்த்து நூற்றொன்றாகத் தருகிறோம். கோரிப்பாளையம் தர்காவில் காணிக்கை போடுகிறவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நோன்பு மாதத்தில் இசுலாமியர் கணக்குப் பார்த்து சக்காத்து கொடுக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகே என் கருத்து உறுதிப்பட்டது. அந்தத் தாய் முடிந்து வைத்த ரூபாயில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. இல்லாததால்தான் அவள் அதைத் தன் மாரியம்மனுக்கும், பக்கத்து வீட்டுக்காரர் அதே போன்ற ஒன்றை வேளாங்கண்ணி மாதாவுக்கும் முழு மனத்தோடு நேர்ந்துகொள்ள முடிகிறது. அதைப் புனிதமாக்கியது அவளுடைய வேண்டுதல். நாணயச் சாலை அன்று. அரசு ஒரு பெயரைப் பொறித்துவிட்டால், மற்ற எல்லாருடைய வேண்டுதலும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போக வேண்டியிருக்கும். அப்பெயர் என் அம்மனுடையதாக இருந்தாலும் அதை நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்கா தன் வாசகத்தை நீக்க வேண்டும் என்கிறீர்களா?

அது அந்நாட்டு மக்கள் தீர்மானிக்க வேண்டியது. நீக்குவது நல்லது என்பது என் கருத்து; நீக்கும் முயற்சி இப்போதைக்கு வெல்லாது என்பதும் தெரிகிறது. நாம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் நம் வேலை அவர்களுடையதைவிட எளிது.

நோட்டின் மேல் நாமே சாமி பெயரை எழுதினால்?

எழுத வேண்டாம். கிழிந்த, பழுதான நோட்டுகளை மாற்றித் தருவது பற்றிய ரிசர்வ் வங்கியின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி, அரசியல் அல்லது மதச் செய்தியைத் தெரிவிக்கும் சொற்களோ உருவங்களோ மேலே எழுதப்பட்ட நோட்டுக்கான கோரிக்கை நிராகரிக்கப்படும். "ஸ்ரீராமஜெயம்" எழுதினாலும், சிலுவை வரைந்தாலும், பிறை வரைந்தாலும், கடவுள் இல்லை என்று எழுதினாலும் விதி ஒன்றே. குடிமக்களிடம் எதிர்பார்க்கும் இந்தக் கட்டுப்பாட்டை நோட்டை அச்சிடும் அரசும் தனக்குத் தானே விதித்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கேட்பது.